அளந்து செய்த இஞ்சின்: புளூபிரின்டிங் என்றால் என்ன?

யாழ்ப்பாணத்தில் ஒருவர் "இஞ்சின் செய்தாச்சு" என்று சொன்னால் அதற்குள் எதுவும் அடங்கலாம். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் றிங்கை மட்டும் மாற்றியிருப்பார். அல்லது போர் அடித்து, அதாவது பிஸ்டன் ஓடும் துளையைக் கடைந்து, கிராங் என்ற சுழல்தண்டைக் கிரைண்ட் பண்ணி, வால்வு எல்லாம் புதிதாய்ப் போட்டிருப்பார். இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டித் திரும்பப் பூட்டியதைக்கூட அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கார் வாங்கப் போகிறவருக்கு இந்த மூன்றும் மூன்று விதமான கார். சொல் மட்டும் ஒன்று.

இப்போது கொஞ்சக் காலமாக, யூடியூப் பார்த்து ஸ்பானர் பிடிக்கப் பழகிய தம்பிமார் வாயில் இன்னொரு சொல் வருகிறது: "புளூபிரின்ட் பண்ணின இஞ்சின்." கேட்கிறவருக்கு அது டர்போ மாதிரி ஏதோ புதிதாகப் பூட்டுகிற சாமான் என்று தோன்றும். புதிதாக எதுவும் பூட்டுவதில்லை. இருக்கிற சாமான்களை அளந்து, ஒன்றுக்கொன்று சமப்படுத்தி, படத்தில் சொன்ன அளவுக்குக் கொண்டுவந்து பூட்டுவதுதான் புளூபிரின்டிங்.

எனக்கு இது விளங்கியது அப்பாவின் மொறிஸ் மைனரால். 1098 சீசி இஞ்சின். இரண்டு வருசத்துக்கு முன் ஒரு கராஜில் கொடுத்து முழுதாகச் செய்வித்தோம். புகை நின்றது, ஒயில் குடிப்பதும் நின்றது. ஆனால் வேகம் கூடக்கூட ஸ்டியரிங்கில் ஓர் அதிர்வு. மவுண்டிங் றப்பர் மாற்றினோம், கியர்பெட்டி பார்த்தோம், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் ஊரில் பழைய கார் வேலையில் பேர் பெற்ற ஓர் அண்ணையிடம் போனேன். அவர் காரைப் பார்க்கவே இல்லை. ஒரே கேள்வி: "தம்பி, பிஸ்டன் நாலையும் நிறுத்துப் பாத்தனியோ?"

நிறுப்பதா? பிஸ்டன் என்ன வெங்காயமா என்று மனதுக்குள் நினைத்தேன்.

இஞ்சினைக் கழற்றி, பிஸ்டன்களைக் கழுவித் துடைத்து, ஒரு துணியில் சுற்றிக்கொண்டு நகைக்கடைகள் இருக்கும் கன்னாதிட்டிக்குப் போனோம். அங்கேதான் கிராமுக்குக் கீழேயும் பொய் சொல்லாத தராசு இருக்கிறது. அண்ணைக்குப் பழக்கமான நகைக்கடைக்காரர் எங்கள் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டு, "இதையும் அடகு வைக்கப் போறியளோ?" என்று கேட்டார். நிறுத்தோம். மூன்று பிஸ்டன் ஒரு கிராமுக்குள் ஒத்துப்போயின. நாலாவது பத்து கிராம் கூட. அது வேறு கொம்பனிப் பிஸ்டன். அளவு ஒன்று, உள்ளே உலோகத்தின் தடிப்பு வேறு. முதல் கராஜில் நாலையும் கலிப்பரால் பார்த்திருப்பார்கள். நிறுத்துப் பார்க்கும் எண்ணம் அவர்களுக்கு வரவில்லை.

பத்து கிராம் என்ன பெரிய பாரமா என்று கேட்கலாம். நிற்கும் இஞ்சினில் இல்லை. ஆனால் இந்த இஞ்சினின் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் 83.72 மில்லிமீற்றர் மேலே போய், நின்று, அதே தூரம் கீழே வருகிறது. நிமிடத்துக்கு 4000 சுற்று என்றால் ஒரு செக்கனில் 66 தடவைக்கு மேல். அந்த வேகத்தில் திசை மாறும் இடத்தில், கூடுதலான அந்தப் பத்து கிராம் மட்டும் கிராங்கை இழுக்கும் விசை ஏறக்குறைய ஏழரைக் கிலோ பாரத்துக்குச் சமம். 2000 சுற்றில் அது இரண்டு கிலோவுக்கும் குறைவு. வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்காகும். மெதுவாக ஓடும்போது தெரியாத அதிர்வு ஏ-9 வீதியில் ஏறியதும் கையைக் கூசவைத்ததற்கு இதுதான் கணக்கு.

சரி, இந்த வேலைக்கு ஏன் புளூபிரின்ட் என்று பெயர்? 1842இல் ஜோன் ஹேர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, இரும்பு உப்புகள் பூசிய தாளில் வெளிச்சம் பட்டால் நீலமாக மாறும் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். பிறகு நெடுங்காலம் பொறியியல் வரைபடங்களைப் பிரதி எடுத்தது அந்த வழியில்தான். நீலத் தாளில் வெள்ளைக் கோடு. நீலம் போய் வெகுகாலம், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆகவே புளூபிரின்ட் என்றால் இஞ்சினை வடிவமைத்தவர் வரைந்த படம். அந்தப் படம் சொன்ன அளவுக்கே இஞ்சினைக் கட்டுவது புளூபிரின்டிங்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி வரும். தொழிற்சாலையில் அந்தப் படத்தை வைத்துத்தானே செய்தார்கள்? பிறகென்ன திரும்பவும்?

விசயம் இங்கேதான் இருக்கிறது. படத்தில் எந்த அளவும் ஒற்றை எண்ணாக நிற்பதில்லை. "இவ்வளவு, அதிலிருந்து இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம்" என்று ஒரு வரம்பு பக்கத்தில் இருக்கும். அதற்கு டொலரன்ஸ் என்று பெயர். வீட்டுக்குக் கதவு நிலை செய்யும் ஆசாரியும் நூல் இடைவெளி விட்டுத்தான் செய்வார். ஆயிரக்கணக்கில் இஞ்சின் செய்யும் இடத்தில் வரம்பு இல்லாமல் முடியவே முடியாது; வெட்டும் கருவி தேயும், மெசின் சூடாகும். வரம்புக்குள் வந்த சாமான் எல்லாம் நல்ல சாமான், பெட்டியில் போடு, அடுத்ததை எடு. தரம் பிரித்துப் பொருத்தாத இடத்தில், பூட்டுகிறவர் பெட்டியில் கைக்கு வந்த நாலு பிஸ்டனை எடுத்துப் பூட்டுவார். சில இஞ்சினில் பெரிய போருக்குச் சிறிய பிஸ்டன் வாய்க்கும், சிலதில் மறுபக்கமாக. ஒரே நாளில் ஒரே தொழிற்சாலையில் இருந்து வந்த இரண்டு காரில் ஒன்று பூனை மாதிரி ஓட, மற்றது எப்போதும் கொஞ்சம் முரடாய் இருப்பதற்கு இந்த அதிர்ஷ்டமும் ஒரு காரணம்.

புளூபிரின்டிங் செய்கிறவர் அந்த அதிர்ஷ்டத்தை நம்புவதில்லை. ஒவ்வொரு சாமானையும் அளந்து, வரம்புக்குள் தனக்கு வேண்டிய இடம் எது என்று தீர்மானித்து, நாலு சிலிண்டரையும் அதே இடத்துக்குக் கொண்டுவருவார்.

இந்தப் பழக்கம் பெரிதாக வளர்ந்தது பந்தயக்காரர்களிடம். அமெரிக்காவின் ட்ராக் (drag) பந்தயங்களில், அதாவது நேர்கோட்டில் குறுகிய தூரம் ஓடும் பந்தயங்களில், 'ஸ்டொக்' என்ற பிரிவு உண்டு. கொம்பனி விற்ற இஞ்சினை மாற்றக்கூடாது என்பது அதன் அடிப்படை. ஆனால் கொம்பனி சொன்ன வரம்புக்குள் எந்த அளவில் வைத்தாலும் குற்றமில்லை. எரி அறைக்கு இவ்வளவு கொள்ளளவு குறையலாமா, சரி, அந்தக் கடைசிக் குறைவிலேயே வைப்போம். வால்வு இவ்வளவு உயரம் எழும்பலாமா, அந்தக் கடைசி உயரம். சட்டத்தை மீறாமல் சட்டத்தின் வேலியோரம் நடக்கும் வித்தை. நமக்குப் பந்தயம் இல்லை. நமக்கு வேண்டியது வேலியோரம் அல்ல, நாலும் சமமாக இருப்பது.

அண்ணை வேலையைத் தொடங்கியது காலை ஆறரைக்கு. எனக்கு நித்திரை முறியவில்லை. ஏன் இவ்வளவு வெள்ளன என்றதற்கு அவர் வெயிலைக் காட்டினார். அளவுகள் எல்லாம் 20 பாகை செல்சியஸ் வெப்பத்துக்கே குறிக்கப்படுவது உலக வழக்கம். நம் ஊரில் 20 பாகை கிடைக்காது. ஆனால் புளொக்கும் (சிலிண்டர்கள் இருக்கும் இஞ்சின் உடல்) பிஸ்டனும் அளக்கும் மைக்றோமீற்றரும் ஒரே வெப்பத்தில் இருந்தால் பெரிய பிழை வராது. தகரக் கூரைக்குக் கீழே மத்தியானத்தில், வெயில் பட்ட மேசையில் கிடந்த அலுமினியப் பிஸ்டனை அளந்தால் அது நிழலில் இருந்ததைவிட ஒரு தௌ பெரிதாகக் காட்டக்கூடும். தௌ என்பது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மில்லிமீற்றர். பிஸ்டனுக்கும் போருக்கும் இடையில் விடுவதே சில தௌதான். அதில் ஒன்றை வெயில் தின்றுவிட்டால் மிச்சக் கணக்குக்கு அர்த்தமில்லை. புளொக்கும் பிஸ்டனும் இரவு முழுக்க ஒரே மேசையில் கிடந்ததற்கும் காரணம் இதுவே.

போரை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்தார். பழைய போர் வட்டமாக இருக்காது. கீழே ஓர் அளவும் மேலே ஓர் அளவுமாக, புனல் மாதிரித் தேய்ந்திருக்கும். புதிதாகப் போர் அடித்ததாவது சரியாக இருக்கும் என்றுதான் நான் நினைத்தேன்; அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஹெட்டை இறுக்கும்போது புளொக் கொஞ்சம் நெளியும் என்பதால், வெளிநாட்டில் தடித்த இரும்புத் தட்டு ஒன்றைப் புளொக்கின் மேல் இறுக்கிவைத்து அந்த நெளிவோடேயே ஹோன் பண்ணுவார்கள், அதாவது போரைக் கல்லால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவார்கள். அந்தத் தட்டு எங்களுக்குக் கிடைக்கவில்லை, விட்டுவிட்டோம்.

றிங் வேலை கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் இது யாரும் வீட்டிலேயே செய்யக்கூடியது. றிங்கின் இரு முனைக்கும் இடையில் ஓர் இடைவெளி வேண்டும். இஞ்சின் சூடாகும்போது றிங் நீளும். இடைவெளி போதாவிட்டால் முனைகள் முட்டி, போக வழியில்லாமல் போரைக் கீறும், சில வேளை உடையும். அதிகமாக இருந்தால் அந்த வழியால் வாயு கீழே கசியும். சாதாரண வீதிக் காருக்கு, போரின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு நாலு தௌ என்பது பொதுவான கணக்கு. எங்கள் போர் இரண்டரை அங்குலம் சொச்சம், ஆகவே பத்து தௌ. றிங்கை மட்டும் போருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து மெதுவாகத் தள்ளினால் நேராக நிற்கும். பிறகு பீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை இடைவெளிக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். எங்களுடைய பழைய றிங்குகளில் ஒன்று ஏழு தௌ, இன்னொன்று பதினாறு. பெட்டியில் இருந்து எடுத்தபடியே போட்டிருக்கிறார்கள். புது றிங்கில் இடைவெளி குறைந்திருந்தால் நுண்ணிய அரத்தால் ஒரு முனையை மட்டும் ராவி எடுக்கலாம். கூடியிருந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை, வேறு றிங் பார்க்க வேண்டியதுதான். ராவும்போது ஒரு தடவைக்கு இரண்டு இழுப்பு, பிறகு திரும்பப் போட்டுப் பார். பொறுமை இல்லாதவன் றிங் கடைக்குத் திரும்பத் திரும்ப நடப்பான் என்பது அண்ணையின் பேச்சு.

கிராங் பெயாரிங் இன்னொன்று. அங்குல விட்டத்துக்கு ஒரு தௌ இடைவெளி என்பது மெக்கானிக்மார் மனக்கணக்கு. இரண்டு அங்குலக் கிராங் என்றால் இரண்டு தௌ, மெல்லிய தலைமயிர் ஒன்றின் தடிப்பு. அந்த இடத்தில்தான் ஒயில் படலமாக நின்று கிராங்கைத் தாங்குகிறது. இடைவெளி இரண்டு மடங்கானால் பக்கங்களால் வழிந்து ஓடும் ஒயில் எட்டு மடங்கு. இங்கே விகிதம் கன அளவில் ஏறுகிறது. இஞ்சின் செய்தும் ஒயில் அமுக்கம் ஏறவில்லை என்று பம்பைப் பழிசொல்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். இதை அளக்க விலை கூடிய கருவி வேண்டாம். பிளாஸ்டிகேஜ் என்று நூல் போன்ற மெழுகுத்தன்மையான பிளாஸ்டிக் இழை விற்கிறது. கிராங்கின் மேல் ஒரு துண்டை வைத்து, மூடியை உரிய அளவுக்கு இறுக்கி, கிராங்கைச் சுற்றாமல் திரும்பக் கழற்றினால் இழை நசிந்து பட்டையாகியிருக்கும். எவ்வளவு அகலமாய் நசிந்திருக்கிறதோ அவ்வளவு இடைவெளி குறைவு. உறையில் அச்சடித்த அளவோடு ஒப்பிட்டால் எண் கிடைத்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஹெட் வேலை. உயர்தரத்தில் இரசாயனம் படித்தவர்களுக்கு பியூரெட் ஞாபகம் இருக்கும். அதே பியூரெட். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வுகளையும் பிளக்கையும் பூட்டி, எரி அறையின் வாயில் கிறீஸ் தடவி, நடுவில் துளை போட்ட பேர்ஸ்பெக்ஸ் தகடு ஒன்றை ஒட்டி, துளை வழியாக மண்ணெண்ணெய் விட வேண்டும். அறை நிரம்ப எத்தனை மில்லிலீற்றர் இறங்கியதோ அதுதான் கொள்ளளவு. மைனரில் இருக்கும் ஏ-சீரிஸ் இஞ்சினின் எரி அறை இதய வடிவம். மண்ணெண்ணெய் அந்த வளைவுக்குள் மெல்ல ஏறி, கடைசிக் காற்றுக் குமிழ் துளைக்கு வந்து மறைவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஏன் இவ்வளவு பாடு? ஒரு சிலிண்டர் 274.5 சீசி. அமுக்க விகிதம், அதாவது உள்ளே இழுத்த கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது, 8.5 என்றால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சமாக இருக்கும் இடம் 36.6 சீசி. ஒரு சிலிண்டரில் இது இரண்டு சீசி கூடினால் விகிதம் 8.1 ஆக இறங்கும். இரண்டு சீசி குறைந்தால் 8.9க்கு ஏறும். ஒரு தேக்கரண்டி ஐந்து சீசி என்று வைத்துப் பாருங்கள், அரைக் கரண்டிக்கும் குறைவான வித்தியாசம். விகிதம் ஏறின சிலிண்டரில் மற்றவற்றுக்கு முந்தி நொக்கிங் என்ற தட்டல் வரும். அந்தத் தட்டலை நிறுத்த ஸ்பார்க்கைப் பின்னால் இழுத்தால் மற்ற மூன்று சிலிண்டரும் அதற்காகச் சக்தியை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் ஒருவர் பத்தியம் என்றால் எல்லோருக்கும் உப்பில்லாத கறி என்பது போல.

சமப்படுத்தும் போது ஒரு சிக்கல்: உலோகத்தைச் சுரண்டலாம், சேர்க்க முடியாது. ஆகவே பெரிய அறைதான் அளவுகோல். மற்ற மூன்றையும் சிறிது சிறிதாகச் சுரண்டி அதற்குச் சமமாக்கிவிட்டு, பிறகு ஹெட்டின் முகத்தை லேத்துக்காரரிடம் கொடுத்துச் சீவி, நாலையும் ஒன்றாகக் குறைக்க வேண்டும். பிஸ்டனும், அதைக் கிராங்கோடு இணைக்கும் தண்டான கொன்றொட்டும் இதற்கு மறுபக்கம், அங்கே லேசானதுதான் அளவுகோல். கொன்றொட்டில் பெரிய முனையையும் சிறிய முனையையும் தனித்தனியே நிறுக்க வேண்டும். முழுப் பாரம் ஒத்திருந்தாலும் பாரம் இருக்கும் முனை வேறாக இருக்கலாம். ராவுவது அதற்கென்று விட்டிருக்கும் தடித்த இடத்தில் மட்டும். நடுத்தண்டில் அரம் பட்டால் அந்தக் கீறலில் இருந்தே ஒரு நாள் முறியும். எங்கள் பத்து கிராம் பிஸ்டனை ராவவில்லை, அவ்வளவு எடுக்க அதில் இடமில்லை. அலைந்து திரிந்து ஒரே செட்டாக நாலு வாங்கினோம்.

இவை தவிர, நாலு பிஸ்டனும் புளொக்கின் முகத்துக்கு ஒரே ஆழத்தில் வந்து நிற்கின்றனவா என்று டயல் கேஜ் வைத்துப் பார்ப்பது, பாகை குறித்த தட்டைக் கிராங்கில் மாட்டி வால்வு சொன்ன பாகையில் திறக்கிறதா என்று பார்ப்பது, ஒயில் பம்பின் உள் இடைவெளி, வால்வு ஸ்பிரிங்கின் பலம் என்று பட்டியல் நீளும். முழுப் பட்டியலும் செய்தால்தான் அது புளூபிரின்ட் பண்ணின இஞ்சின். எங்களுடையது முக்கால்வாசி என்று அண்ணையே சொல்கிறார்.

நம் ஊர்ப் பழைய இஞ்சின்களுக்கு இந்த வேலை தனியாக ஏன் பொருந்துகிறது என்றும் சொல்ல வேண்டும். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது, பெற்றோல் கண்ணில் காட்டாத காலத்தில், மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40உம் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் எடுத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அதன் வாசனை அந்தத் தலைமுறைக்கு இன்னும் மூக்கில் இருக்கும். முழுதாக எரியாத மண்ணெண்ணெய் போர்ச் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். றிங்கும் பெயாரிங்கும் தேயும். உதிரிப்பாகம் வர வழியில்லை. ஒரு காரின் பிஸ்டன் இன்னொரு காருக்குப் போகும், இல்லாததை லேத்தில் கடைந்தெடுப்பார்கள். அந்த மெக்கானிக்மாரின் கைவேலைக்குக் கும்பிடலாம், ஆம்புலன்சும் பிரேத வண்டியும் ஓடியது அவர்களால்தான். ஆனால் அப்படிப் பிழைத்து வந்த இஞ்சினுக்குள் நாலு காரின் சாமான் இருக்கும். அதைத் திறக்கும்போது "முன்பு இருந்தபடியே பூட்டு" என்பது சரிவராது. முன்பு இருந்ததே படத்தில் இல்லாத ஒன்று.

விற்ஸ், அல்ரோ போன்ற புதிய கார் வைத்திருப்பவர்களுக்கு இது இவ்வளவு தேவையில்லை என்பது என் எண்ணம். இப்போதைய தொழிற்சாலைகளில் வரம்பு மிகவும் ஒடுக்கம். பல டொயோட்டா இஞ்சின்களில் புளொக்கிலும் கிராங்கிலும் 1, 2, 3 என்று இலக்கம் அடித்திருக்கும். இரண்டையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கு உரிய தடிப்பில் பெயாரிங் எடுக்க வேண்டும். புளூபிரின்டிங்கின் பாதியைக் கொம்பனியே செய்து தருகிறது. கழற்றும்போது அந்த இலக்கத்தைப் பார்க்காமல் கைக்கு வந்த பெயாரிங்கைப் போடுவதுதான் இங்கே நடக்கும் பிழை.

குதிரைச் சக்தி எவ்வளவு கூடும் என்று கேட்பவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். வீதிக் காரில் அது பெரிதாகத் தெரியாது. ஐடிலில் விட்டுவிட்டு பொனட்டில் கை வைத்தால் தெரியும்; ஏற்றத்தில் கியர் மாற்றாமல் இழுக்கும்போது தெரியும். கையில் காசு குறைவென்றால் நிறுத்தல், றிங் இடைவெளி, பெயாரிங் இடைவெளி இந்த மூன்றையும் மட்டும் செய்யுங்கள். கராஜில் கொடுக்கும்போதே "அளவை எழுதித் தாங்கோ" என்று கேளுங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள். எழுதித் தருகிறவரிடம் கொடுங்கள்.

எங்கள் அளவுகள் எல்லாம் ஒரு எண்பது பக்கக் கொப்பியில் இருக்கின்றன, அண்ணையின் கையெழுத்தில், நாலு சிலிண்டருக்கு நாலு நிரல். ஒயில் கறை பட்டு இரண்டு பக்கம் ஒட்டிப்போய்விட்டது. காரின் டாஷ்போர்ட் பெட்டியில் இன்சூரன்ஸ் கடதாசிக்கு மேலே அதுதான் கிடக்கிறது. போன மாதம் கன்னாதிட்டிப் பக்கம் போனபோது நகைக்கடைக்காரர் கூப்பிட்டு, பிஸ்டனை மீட்டாச்சோ என்று கேட்டார்.